கணிப்பொறியின் உள்நிர்வாகம்
இயங்குதளத்தைக் கட்டிப் பார்த்துக் கற்கும் முறை

புத்தூர் என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவில் எழுவது, முறிந்த எலும்புக்குப் போடப்படும் கட்டேயாகும். ஆந்திர மாநிலத்தில் முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2022-ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ள இந்நகரில் தெலுங்குடன் தமிழும் வழங்கி வருகிறது. கட்டுப் போடும் வைத்தியத்தின் பலாபலன்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும், அதனைத் தொழிலாகக் கொண்டோர் ஏடுகளைப் படித்து அதனைக் கற்கவில்லை. மூத்தோரின் அருகிருந்து, கைப்பழக்கத்தினாலேயே கற்றனர் என்பது கருதத்தக்கது.

இதே வட்டாரத்தில் இன்று பொறியியற் கல்லூரிகள் பல நடைபெறுகின்றன. திருப்பதியில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்றும் 2015-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. இக்கல்விக் கூடங்களில் கணிப்பொறி இயல் பயிலும் மாணவர்கள், ‘ஆபரேட்டிங் சிஸ்டம்’ என வழங்கும் இயங்குதளத்தைப் பற்றிய பாடத்தைப் படித்தாக வேண்டும். அப்பாடம் கைப்பழக்கத்தினால் கற்பிக்கப்படுகிறதா என்று கேட்டால், நம் நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளைப் பொறுத்தவரையில் இல்லை என்றே விடை கூற வேண்டியிருக்கிறது. வரையறைகள் மனனம் செய்யப்படுகின்றன; தேர்வில் அவை எழுதப்படுகின்றன; பின்னர் மறக்கப்படுகின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. இந்தச் சுரைக்காயைத் தோட்டத்திலேயே விளைவித்துப் பார்க்கும் வழி ஒன்றைக் கேரள மாநிலத்துக் கோழிக்கோட்டிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம் வகுத்துள்ளது. அதனை ஆசிரியர்கள் அறிந்து கொள்வது நலம்.

இயங்குதளம் என்பது யாது? 1963-ஆம் ஆண்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்து சேர்ந்தது. துளையிட்ட அட்டைகளில் பொறிக்கப்பட்ட கணக்கு ஒன்றை அதனுள் செலுத்துவர். அது முடிந்த பிறகே அடுத்த கணக்கைச் செலுத்துவர். ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே யந்திரம் சொந்தம். அட்டையைப் படிக்கும் கருவியும் விடையை அச்சிடும் கருவியும் மெதுவாக வேலை செய்யும்போது, விலை மதிப்புள்ள கணக்கிடும் பகுதி வாளாவிருக்கும். இவ்வாறு வீணாகும் நேரத்தை மற்றொருவரின் கணக்கிற்குப் பயன்படுத்த வேண்டுமாயின், யந்திரத்தினுள்ளேயே ஒரு நிர்வாகி இருக்க வேண்டும். எப்பணி எப்போது ஓடுவது, எப்பணிக்கு நினைவகத்தில் எவ்விடம், வட்டில் எழுதும் உரிமை யாருக்கு என்பனவற்றை அந்த நிர்வாகி தீர்மானிக்க வேண்டும். அந்நிர்வாகியும் ஒரு நிரலே. மற்ற நிரல்களை ஆளும் நிரல். அதுவே இயங்குதளம். இன்று சட்டைப் பையிலுள்ள தொலைபேசியிலும் அது குடியிருக்கிறது.

இத்தகைய நிரலை எழுதுவது எளிதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1960-களில் தன் 360 வரிசைக் கணிப்பொறிகளுக்கு இயங்குதளம் அமைத்தபோது, உச்ச கட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அப்பணியில் ஈடுபட்டிருந்தனர் என்று அதற்குத் தலைமை தாங்கிய பிரடெரிக் புரூக்ஸ் 1975-இல் வெளியிட்ட நூலில் கூறியுள்ளார். ஆயிரம் பேர் சேர்ந்து செய்ததை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் செய்வது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு முதலில் விடை கண்டவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலியாவில் நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த ஜான் லயன்ஸ். பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் எழுதிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பு 1975-இல் வெளிவந்தது. அதன் உட்கருப் பகுதி சுமார் 9,000 வரிகளே கொண்டது. அதாவது, ஒருவர் முயன்றால் முழுவதையும் படித்துவிடக் கூடிய அளவு. லயன்ஸ் அவ்வரிகளை அச்சிட்டு, அவற்றுக்கு உரை எழுதித் தம் மாணவர்களுக்கு அளித்தார். இலக்கண நூலுக்கு உரை எழுதும் மரபில் வளர்ந்த தமிழாசிரியர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. ஆனால் யூனிக்ஸின் அடுத்த பதிப்பு வெளிவந்தபோது, அதன் மூல வரிகளை வகுப்பில் பாடமாக நடத்துவதற்கு உரிமையாளர்கள் தடை விதித்தனர். லயன்ஸின் உரை பல ஆண்டுகள் படிக்குமேல் படியாக நகலெடுக்கப்பட்டு, கைக்குக் கை மாறி உலவிற்று. 1996-ஆம் ஆண்டிலேதான் முறையாக நூல் வடிவம் பெற்றது. அத்தடையின் விளைவாக ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் என்னும் பேராசிரியர் கற்பித்தலுக்கென்றே மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தைத் தாமே எழுதி 1987-இல் வெளியிட்டார். அதனைப் பயன்படுத்திப் பழகிய ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைத் தொடங்கினார். ஆசிரியர் ஒருவர் வகுப்பறைக்காகச் செய்த காரியம் எங்கெல்லாம் சென்று சேரும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

படிப்பதற்குரிய இயங்குதளங்கள் இவை. கோழிக்கோட்டுக் கழகத்தின் முறை இவற்றினின்றும் வேறுபட்டது. அங்கு மாணவர் முடிந்த ஒன்றைப் படிப்பதில்லை, வெறுமையிலிருந்து கட்டுகிறார். பேராசிரியர் முரளி கிருஷ்ணனின் வழிகாட்டலில் பல ஆண்டு மாணவர்கள் அடுத்தடுத்து உழைத்து உருவாக்கிய இத்திட்டத்திற்கு எக்ஸ்போஸ் என்று பெயர். இதில் மாணவருக்குக் கொடுக்கப்படுவன மூன்று: எக்ஸ்.எஸ்.எம். என்னும் போலிக் கணிப்பொறி; இயங்குதளத்தை எழுதுவதற்கு எஸ்.பி.எல். என்னும் எளிய மொழி. அவ்வியங்குதளத்தின்மேல் ஓடும் சாதாரண நிரல்களை எழுதுவதற்கு மற்றொரு மொழி. போலிக் கணிப்பொறி என்பது, சாதாரணக் கணிப்பொறியினுள் ஒரு நிரலாக ஓடிக்கொண்டு, தான் வேறொரு யந்திரம்போல் நடிக்கும் ஏற்பாடு. ஆகவே தனியாகக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் லினக்ஸ் நிறுவப்பட்ட பழைய கணிப்பொறி இருந்தாலே போதும். பாடங்களும் மென்பொருளும் யாவர்க்கும் இலவசமாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளன.

போலி யந்திரத்தின் நினைவகம் 128 பக்கங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. பக்கத்திற்கு 512 சொற்கள். ஆக மொத்தம் 65,536 சொற்கள். வட்டில் 512 கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தின் அளவு. ஒரே காலத்தில் 16 பணிகள் வரையில் இருக்கலாம். இவ்வெண்கள் சிறியனவாக இருப்பதே இதன் சிறப்பு. எங்கு என்ன உள்ளது என்பதை மாணவர் தாளில் வரைந்து, சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள முடியும்.

பாதை 28 படிகளைக் கொண்டது. முதற் சில படிகளில் யந்திரம் கண் விழிப்பதை மாணவர் காண்கிறார். மின்சாரம் பாய்ந்தவுடன் யந்திரம், வட்டின் முதற் கட்டத்திலுள்ளதை நினைவகத்தின் ஒரு பக்கத்தில் ஏற்றி, அதனை இயக்கத் தொடங்கும். அவ்வளவே அதற்குத் தெரியும். எஞ்சியவற்றையெல்லாம் ஏற்ற வேண்டியது அந்த ஒரு கட்டத்தில் எழுதப்பட்டுள்ள சிறு நிரலின் பொறுப்பு. அதனை எழுதுபவர் மாணவர். இயங்குதளம் இல்லாத யந்திரம் எவ்வளவு ஏதுமறியாதது என்பது இங்கேதான் புலனாகிறது.

எட்டாம் படியில் கடிகார இடைமறிப்பு வருகிறது. மேலாளர் ஒருவர் ஊழியரிடம் வேலையைக் கொடுத்துவிட்டால், அவர் தாமாகத் திருப்பித் தரும்வரை காத்திருக்க வேண்டுமென்றால் நிர்வாகம் நடைபெறாது. ஆகவே, குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள கட்டளைகள் ஓடியவுடன், நடந்து கொண்டிருக்கும் பணி எதுவாயினும் அதனை நிறுத்தி, ஆட்சியை இயங்குதளத்திடம் ஒப்படைக்கும் ஏற்பாடு யந்திரத்திலேயே அமைந்துள்ளது. நிறுத்தப்பட்ட பணியின் பதிவேடுகளிலிருந்த எண்களையெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும். மீண்டும் அதன் முறை வரும்போது ஒன்று பிசகாமல் திருப்பி வைக்க வேண்டும். ஒரு எண் பிசகினாலும் அப்பணி தவறான விடை தரும். பிசகு எங்கு நேர்ந்தது என்பதற்கு அடையாளமும் இராது. 12, 13, 14-ஆம் படிகளில் பல பணிகளை முறை வைத்து ஓட்டும் பகுதியை மாணவர் எழுதி முடித்து, இரு நிரல்கள் மாறி மாறித் திரையில் எண்களை அச்சிடுவதைக் காண்கிறார். ஒரு யந்திரம் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்வதாகத் தோன்றும் மாயை அவருடைய கையாலேயே உண்டாக்கப்பட்டுவிட்டது.

எஞ்சிய தொல்லைகள் யாவும் இம்மாயையிலிருந்தே பிறக்கின்றன. அவற்றுள் தலையாயதை விளக்குவதற்குப் புத்தூரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. புத்தூர் ரயில் நிலையத்தின் வழியே அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்குச் செல்லும் பாதை, சென்னையையும் மும்பையையும் இணைக்கும் நெடும்பாதையின் ஒரு பகுதி. ஒற்றை இருப்புப்பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்து மோதாமல் காப்பது எப்படி என்பது ரயில்வேயின் பழைய பிரச்சினை. அதற்கு நம் நாட்டில் நீண்ட காலம் கையாளப்பட்ட தீர்வுகளுள் ஒன்று, நீல் என்பவரின் பெயரால் வழங்கும் உருண்டை டோக்கன் முறை. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் ஒன்றோடொன்று மின்கம்பியால் பிணைக்கப்பட்ட இரு கருவிகள் இருக்கும். அவற்றினுள் உலோக உருண்டைகள் பல இருப்பினும், ஒரு நேரத்தில் ஒரே ஓர் உருண்டைதான் வெளிவரும். அதனைக் கையில் பெற்ற ஓட்டுநரே பாதையில் நுழையலாம். மறுமுனையில் உருண்டையைத் திருப்பிக் கருவியினுள் இட்ட பின்னரே அடுத்ததை எடுக்க முடியும். வளையத்தில் கோத்த பையிலிட்டு, ஓடும் வண்டியிலேயே டோக்கனைக் கொடுத்து வாங்கும் காட்சி முந்திய தலைமுறையினருக்கு நன்கு பழக்கமானது.

கணிப்பொறியினுள்ளும் இதே ஆபத்து உண்டு. ரயில் பெட்டியில் ஓர் இருக்கை மட்டும் மிஞ்சியிருப்பதாகவும், இரண்டு பணிகள் பயணச்சீட்டு வழங்குவதாகவும் கொள்வோம். முதற் பணி, மிஞ்சியுள்ள இருக்கைகளின் எண்ணிக்கையைப் படித்து ‘ஒன்று’ என அறிகிறது. அந்த நொடியில் கடிகாரம் இடைமறிக்கிறது. இரண்டாம் பணி ஓடி, அதுவும் ‘ஒன்று’ எனப் படித்து, சீட்டை வழங்கி, எண்ணிக்கையைச் சுழியமாக்குகிறது. முதற் பணி மீண்டும் முறை பெறும்போது, தான் முன்பு படித்த ‘ஒன்று’ என்பதையே நம்பி மற்றொரு சீட்டை வழங்குகிறது. ஒரே இருக்கைக்கு இருவர் உரிமை கோரும் நிலை ஏற்படுகிறது. இரு நிரல்களிலும் தனித்தனியே பிழை ஏதுமில்லை. இடைமறிப்பு ஒரு கணம் முன்போ பின்போ நேர்ந்திருந்தால் யாவும் சரியாகவே நடந்திருக்கும். பத்தாயிரம் முறை சோதித்தும் தென்படாமல், அடுத்த முறை தலைகாட்டக் கூடிய பிழை இது. புத்தகத்தில் இதனைப் பற்றிப் படித்தவர் ‘ஆம்’ என்று தலையசைத்துவிட்டுப் போவார். தாம் எழுதிய நிரலில் இதனைத் தேடி இரவெல்லாம் விழித்தவர் பின்னர் ஒருபோதும் மறவார்.

இதற்குத் தீர்வு கண்ட டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960-களின் தொடக்கத்தில் தமது ஏற்பாட்டிற்கு வைத்த பெயர், அவருடைய மொழியில் ரயில்வேயின் கைகாட்டி மரத்தைக் குறிக்கும் சொல்லே. ஆங்கிலத்தில் அது ‘செமஃபோர்’ ஆயிற்று. பாதை காலியாக இருந்தால் நுழைந்து கைகாட்டியை இறுக்குவது ஒரு செயல். வெளியேறும்போது தளர்த்துவது மற்றொன்று. இவ்விரண்டும் நடைபெறும் கணத்தில் வேறெதுவும் குறுக்கிடலாகாது. ஐந்தோவன் நகரில் அவரும் குழுவினரும் இக்கருத்தைக் கொண்டு கட்டிய இயங்குதளம் 1968-இல் ஆய்விதழில் விவரிக்கப்பட்டது.

எக்ஸ்போஸில் மாணவர் 15-ஆம் படியிலேயே இப்பிரச்சினையை எதிர்கொள்கிறார். திரை ஒன்று, அதில் எழுத விரும்பும் பணிகள் பல. திரை வேறொரு பணியின் வசம் இருப்பின், கேட்ட பணி உறங்க வேண்டும். திரை விடுவிக்கப்பட்டதும், அதற்காகக் காத்திருந்த பணிகள் அனைத்தும் எழுப்பப்படுகின்றன. இங்கே நுட்பமான ஒரு பொறி இருக்கிறது. எழுந்த பணி, ‘எழுப்பிவிட்டார்கள், ஆகவே திரை எனக்கே’ என்று எண்ணிவிடலாகாது. அதற்கு முன் எழுந்த வேறொரு பணி திரையைக் கைப்பற்றியிருக்கலாம். ஆகவே எழுந்தவுடன் மீண்டும் சோதிக்க வேண்டும்; கிடைக்காவிடில் மீண்டும் உறங்க வேண்டும். ஒரு முறை மட்டும் சோதிக்கும் கட்டளைக்கும், மீண்டும் மீண்டும் சோதிக்கும் கட்டளைக்கும் உள்ள வேறுபாடு ஒரே சொல்தான். பொதுப்பட்ட கைகாட்டிகள் 22-ஆம் படியில் வருகின்றன. அப்போது பயனாளரின் நிரல்களும் அவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் இரண்டு பணிகள் ஆளுக்கொரு கைகாட்டியை இறுக்கிக்கொண்டு, மற்றவரின் கைகாட்டி தளரட்டும் என்று என்றென்றும் காத்துக் கிடந்தால், கைகாட்டி அதனைத் தடுக்காது. நிரல் எழுதுபவர்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நினைவகப் பங்கீடு ஒரு கணக்கினால் விளங்கும். ஒவ்வொரு பணிக்கும் நிரலுக்கென 4 பக்கங்கள் வரையிலும், மாறும் தரவுகளுக்கு 2, அடுக்குக்கு 2, இயங்குதளத்தின் சொந்தக் குறிப்புகளுக்கு 1 என 9 பக்கங்கள் தேவைப்படலாம். பதினாறு பணிகளுக்கு 144 பக்கங்கள். யந்திரத்தில் இருப்பதோ, இயங்குதளம் குடியிருக்கும் பக்கங்களையும் சேர்த்து, 128. பற்றாக்குறை வெளிப்படை. ஆகவே நிரல் முழுவதையும் முன்கூட்டியே ஏற்றாமல், எப்பக்கம் தேவைப்படுகிறதோ அப்போது அதனை மட்டும் ஏற்றுவதும், அப்படியும் இடம் போதாவிடில் ஒரு பணியை வட்டிற்கு அனுப்பிவைத்துப் பின்னர் அழைத்துக்கொள்வதும் மாணவரின் வேலையாகின்றன. முன்னது 19-ஆம் படியிலும், பின்னது 27-ஆம் படியிலும் செய்யப்படுகின்றன.

கோப்புகளைப் பற்றிய 23 முதல் 25 வரையுள்ள படிகள் களப்பணியாளர்களுக்கும் பயன் தருவன. வட்டு மெதுவானது. ஆதலால் எழுதப்படுபவற்றை இயங்குதளம் உடனுக்குடன் வட்டில் பதிப்பதில்லை. முதலில் நினைவகத்தில் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, பின்னர் சேர்த்துப் பதிக்கிறது. எக்ஸ்போஸில் யந்திரத்தை முறைப்படி நிறுத்தும் கட்டளை, எஞ்சியுள்ள மாற்றங்கள் யாவற்றையும் வட்டில் பதித்து முடிக்கிறது. அதற்கு முன் யந்திரம் திடீரென நின்றுவிட்டால், எழுதியதாகக் கருதியவை வட்டில் இரா. பெரிய இயங்குதளங்கள் இடையிடையே பதித்துக்கொள்ளும். ஆயினும் அடிப்படை இதுவே. மழையளவையோ நில விவரங்களையோ பதிவு செய்யும் ஊழியர், சேமிப்புக் கருவியை முறைப்படி விடுவிக்காமல் பிடுங்கும்போது கோப்பு கெடுவதும், மின்சாரம் தடைப்படும்போது அன்றைய உழைப்பில் ஒரு பகுதி மறைவதும் இக்காரணத்தினால்தான். காரணம் அறிந்தவருக்கு, ‘பாதுகாப்பாக அகற்றுக’ என்னும் எச்சரிக்கை வெறும் சடங்காகத் தோன்றாது.

இத்திட்டத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு கோப்பில் 4 கட்டங்கள், அதாவது 2,048 சொற்கள், மட்டுமே அடங்கும். கோப்பகத்தினுள் கோப்பகம் அமைக்க வழியில்லை. மேலும் போலி யந்திரம் மிகவும் சாதுவானது. உண்மையான மையச் செயலகங்களின் முரட்டுத்தனங்களை அது மாணவரிடமிருந்து மறைத்துவிடுகிறது. அவற்றையும் காண விரும்புவோர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2006-இல் தோன்றிய எக்ஸ்வி6 என்னும் இயங்குதளத்தை நாடலாம். அது லயன்ஸ் உரை எழுதிய அதே ஆறாம் பதிப்பு யூனிக்ஸை இன்றைய செயலகங்களுக்கு ஏற்ப மீண்டும் எழுதியதாகும். அதனை அடிப்படையாகக் கொண்டு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் செஸ்டர் ரெபைரோ நிகழ்த்திய விரிவுரைகள் தேசியத் தொலைநிலைக் கற்பித்தல் திட்டமாகிய என்.பி.டெல். வாயிலாக யாவரும் கேட்குமாறு அமைந்துள்ளன. 2019 முதல் எக்ஸ்வி6, ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதிக்கு மாற்றப்பட்டுவிட்டது. அத்தொகுதியைக் கொண்டே அதே சென்னைக் கழகத்தில் ‘சக்தி’ என்னும் செயலகங்கள் வடிவமைக்கப்பட்டன. 2018-இல் அவற்றுள் ஒன்றின்மேல் லினக்ஸ் ஓடிற்று. சென்னையில் சி-டாக் நிறுவனம் 2007 முதல் வெளியிட்டு வந்த பாஸ் லினக்ஸ் வேறு வகையான முயற்சி: உலகத்தார் எழுதிய உட்கருவை எடுத்துக்கொண்டு, இந்திய மொழிகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஏற்பத் தொகுத்தளிப்பது. அதுவும் வேண்டுவதே, ஆனால் உட்கருவைத் திறந்து பழுது பார்க்கத் தெரிந்தவர்களை அதனால் மட்டும் உண்டாக்கிவிட முடியாது.

எக்ஸ்போஸை வகுப்பில் மேற்கொள்ள எண்ணும் ஆசிரியர், முதலில் தாமே குறைந்தது 14-ஆம் படி வரையிலாவது நடந்து பார்த்துவிடுதல் வேண்டும். மாணவர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து செய்வது நன்று. ஆனால் பதிவேடுகளைப் பத்திரப்படுத்தும் பகுதியை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுமாறு செய்ய வேண்டும். 28 படிகளும் ஒரு பருவத்தில் முடியும் என்று எதிர்பார்ப்பது பல கல்லூரிகளில் இயலாத காரியம். இறுதிப் படியில் இரண்டு செயலகங்கள் கொண்ட யந்திரம் வருகிறது. அங்கே இடைமறிப்பை நிறுத்திவைப்பதனால் மட்டும் பயனில்லை. மற்றச் செயலகம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ‘சோதித்து, அதே கணத்தில் பூட்டு’ என்னும் தனிக் கட்டளை ஒன்றை யந்திரமே தர வேண்டியிருக்கிறது. அதனை ஆர்வமுள்ளோர்க்கு விட்டுவிடலாம்.

பிழை தேடும் முறையைப் பொறுத்து ஒரு குறிப்பு. நிரலின் எவ்விடத்திலும் யந்திரத்தை நிறுத்திவைத்து, பதிவேடுகளையும் பக்கங்களையும் திறந்து பார்க்கும் வசதி எக்ஸ்.எஸ்.எம். யந்திரத்தில் உண்டு. யந்திரத்தை நிறுத்துவதற்கு முன்னரே, அவ்விடத்தில் எந்தப் பதிவேட்டில் என்ன எண் இருக்க வேண்டும் என்று மாணவர் தம் ஏட்டில் எழுதிவிட வேண்டும் என ஆசிரியர் விதி செய்யலாம். எழுதியதும் திரையில் கண்டதும் வேறுபடுமிடத்தில், தவறு நிரலில் உள்ளதா, யந்திரத்தைப் பற்றிய தம் எண்ணத்தில் உள்ளதா என்று அவர் முதலில் சொல்லட்டும். திருத்துவது அதன் பிறகு.